கடல் கடந்து கைதாகும் நம் பெண்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றியோ இரத்தச்சோகையைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவற்றை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். நம்மோடு படித்து, சாதாரண தரத்தோடு நின்று, வெளிநாடு போனவர்களைப் பற்றி இன்று பேசுவோம். பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து ரியாத்துக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போனவர்கள் நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அங்கே கைதானால் அவளுக்கு யார் துணை?

ரிசானா நபீக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். மூதூர்ப் பிள்ளை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. 2005 மே மாதம் சவூதி போய்ச் சில வாரங்களுக்குள், அவர் பால் புகட்டிய நான்கு மாதக் குழந்தை இறந்தது. புரையேறியது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்தார் என்றது குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்ட வாக்குமூலத்தைப் பின்னர் மறுத்தார். 2007 ஜூன் 16 தவாத்மி நீதிமன்றம் மரணதண்டனை விதிக்கும்வரை அவருக்கென்று ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு பணம் திரட்டி மேன்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்தது அதற்குப் பிறகுதான். 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

வைத்தியர்களாகிய எங்களை உறுத்துவது ஒன்று. அந்தக் குழந்தைக்குப் பிரேத பரிசோதனை நடக்கவில்லை. புட்டிப்பால் புரையேறும், நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள் என்று கிளினிக்கில் தாய்மாருக்கு நாங்கள் சொல்லாத நாளில்லை. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால் தோலிலும் உள்ளே தசையிலும் அடையாளம் இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். பரிசோதனை எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டோம். ஆனால் அதை முதல் நாளிலேயே கேட்டிருக்கவேண்டும். அடக்கம் செய்தபின் கேட்டுப் பயனில்லை. யார் கேட்பது? பாஷை தெரியாத பதினேழு வயதுப் பிள்ளையா?

இதற்காகத்தான் 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா சமவாயம் இருக்கிறது. அதன் 36ஆம் உறுப்புரை சொல்வது இதுதான். வேற்றுநாட்டவர் ஒருவரைக் கைதுசெய்தால், உங்கள் தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று தாமதமின்றி அவரிடம் சொல்லவேண்டும். அவர் கேட்டால் தாமதமின்றி அறிவிக்கவேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், சட்டத்தரணிக்கு ஏற்பாடு செய்யலாம். வழக்கை நடத்தவோ தண்டனையை மாற்றவோ அவரால் முடியாது. 2016இல் பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், உளவுக் குற்றச்சாட்டு என்றாலும் இந்த உரிமை உண்டு என்றும், மூன்று வாரம் கழித்து அறிவித்தது தாமதமே என்றும் சர்வதேச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

“அவர் கேட்டால்” என்ற இரண்டு சொல்லில்தான் நம் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள். கேட்கலாம் என்று தெரிந்தவள்தானே கேட்பாள்? கடவுச்சீட்டு எஜமானின் அலுமாரியில். கைத்தொலைபேசியும் பல வீடுகளில் அவர்களிடமே. அடி தாங்காமல் வெளியே ஓடினால், ஓடிப்போனாள் என்று எஜமான் முறைப்பாடு கொடுத்தாலே போதும், அவளைப் பிடித்து அடைக்கலாம்.

தூதரகம் காப்பது தன் நாட்டுப் பிரஜையை. நம் தாத்தா பாட்டிமாரில் எத்தனைபேருக்கு அப்படிச் சொல்ல ஒரு நாடு இருந்தது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைப் பங்குபோட்டது. மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த அட்டையின் பயனை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. லயத்தில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சியில் இன்னொன்று, கடவுச்சீட்டில் ஏஜென்சிக்காரர் எழுதிய மூன்றாவது. கிளினிக் அட்டையில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அங்கே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். “எங்கள் சாந்தியைக் காணோம்” என்று தாய் வந்து அழுதால், அந்தச் சாந்தியை எந்தச் சிறையில், எந்தப் பெயரில் தேடுவது? வயதைக் கூட்டி எழுதுவது அதைவிட மோசம். குற்றம் நடந்தபோது சிறுமியா பெரியவளா என்ற கேள்வியே கடவுச்சீட்டால் அடிபட்டுப்போகும். ரிசானாவுக்கு அதுதான் நடந்தது.

போகிறவளைத் தடுக்க நம்மால் ஆகாது. கொழுந்துச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடையாது என்று அவளுக்குத் தெரியும். போகுமுன் கடவுச்சீட்டு, ஒப்பந்தம், எஜமானின் பெயர், விலாசம், ஏஜென்சியின் பெயர் எல்லாவற்றின் பிரதியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்வோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தைத் தாயிடம் எழுதிக் கொடுப்போம். “என் தூதரகத்துக்கு அறிவியுங்கள்” என்பதை அரபியில் மனப்பாடமாக்குவோம். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதே என்று சொல்வோம். இதைப் பத்தாம் வகுப்பிலேயே சொன்னால்தான் சரி. அதற்குப் பிறகு பலர் நம் கைக்கு எட்டமாட்டார்கள்.

தூதரகத்தில் தொலைபேசியை எடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்பதும் நம் வேலை. அதுவரைக்கும் வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகள் நடுவில் நின்று மொழிபெயர்க்கலாம். ரியாத், ஜித்தா, குவைத், டோஹா, அம்மான், பெய்ரூட்டில் இருப்பவர்களும், அங்கே உறவினர் உள்ளவர்களும், தேநீருக்குப் போகுமுன் பெயரையும் இலக்கத்தையும் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். லண்டன், டொரொண்டோக்காரர் கடிதத்தில் அனுப்பினாலும் சரி.