தினையளவு போதும்



கேட்பது என்றாலே கூசுகின்றவர்கள் நாம். பந்தியில் இன்னும் ஓர் அகப்பை சோறு வேண்டியிருக்கும். ஆனாலும் "காணும், காணும்" என்று கையால் இலையை மறைத்துக்கொள்வோம். இந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததன்று. புறநானூற்றின் 204ஆம் பாட்டிலே, வல்வில் ஓரியின் முன் நின்ற கழைதின் யானையார், இரப்பது இழிவுதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் இல்லையென்று மறுப்பது அதனிலும் இழிவு என்று அடுத்தபடியாகவே சொல்லிவிடுகிறார். புலவரின் கூச்சமும் துணிவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

எனக்கு மிக நெருக்கமானவர் பெருஞ்சித்திரனார். வறுமையை இவரளவு வெளிப்படையாகப் பேசியவர் சிலரே. மனைவி மக்களின் பசியைக் குமணனிடம் மறைக்காமல் சொன்னவர். தம்மை மதியாது சிறிதளவு கொடுத்த இளவெளிமானின் காவல் மரத்திலே, குமணன் தந்த யானையைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனவரும் இவர்தான். (அந்த யானையை வகுப்பிலே சொல்லும்போது மாணவர்களை விட நானே அதிகம் சிரிப்பதுண்டு.)

இத்தகையவர் ஒருமுறை அதியமான் நெடுமான் அஞ்சியை நாடி, குன்றும் மலையும் கடந்து செல்கிறார். அதியமான் அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பிவிடுகிறான். வீட்டிலே பசி, கையிலே பொருள். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவரோ, காணாது தந்ததைக் கொண்டுபோக நான் வணிகனல்லன், என் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் எனக்கு இனிது என்கிறார். 208ஆம் பாட்டு இது. தமக்கு வேண்டியது எது என்பதில் அவருக்கு ஒரு மயக்கமுமில்லை. பொருளும் வேண்டும், அதற்கு முன்னே தம் புலமை அளக்கப்படவும் வேண்டும்.

இந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் படிப்பித்த நானே, ஒரு முறை அதியமானாக நடந்துகொண்டேன். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கொப்பி நிறையக் கவிதை எழுதிக்கொண்டு வந்தார். "எப்படி இருக்கு சேர்?" என்று கேட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நேரம். இரண்டு பக்கம் புரட்டினேன். "நல்லாயிருக்கு தம்பி, தொடர்ந்து எழுதும்" என்றேன். அவர் அதை நம்பினார். கடன்பட்டுப் புத்தகம் போட்டார். வெளியீட்டு விழாவிலே நானும் பேசினேன், எல்லோரும் பாராட்டினோம். அதன் பிறகு அந்த நூலைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுப்பது எளிது, வந்தவரின் வரிசையை அறிவதுதான் அரிது. புலவர் எல்லோரையும் ஒரே கண்ணாற் பார்ப்பதை விடு என்பது அவர் கூற்று (புறம் 121). ஒரே கண்ணாற் பார்ப்பது பெருந்தன்மை என்று நினைத்திருந்தவன் நான். அது சோம்பலாகவும் இருக்கலாம்.

"எப்படி இருக்கு?" என்ற கேள்வியும் ஒரு பொறிதான். அதற்கு "நல்லாயிருக்கு" என்பதைத் தவிர வேறு மறுமொழி நம் பண்பாட்டில் இலேசில் வராது. கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

சில ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் வந்தார். உட்காரவில்லை.

"சேர், அந்தக் கொப்பியை முழுக்க வாசிச்சனீங்களோ?"

இல்லை என்றேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து புதிய கொப்பியை எடுத்தார்.

"நல்லாயிருக்கோ எண்டு கேட்க வரேல்லை சேர். எந்த வரியிலை உங்களுக்கு அலுத்துப்போச்சோ, அந்த இடத்திலை ஒரு கோடு போட்டுத் தாருங்கோ. அது காணும்."

நான்கு இரவுகள் பிடித்தன. கோடுகள் பல விழுந்தன. ஒரு கவிதையில் மட்டும் ஒன்றும் விழவில்லை. அவர் கொப்பியை வாங்கி, கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்திலே வெகுநேரம் நின்றார்.

"இதை எழுதின மாதிரி மற்றதுகளை எழுதேல்லை சேர்" என்றார்.