விலையைக் குறைச்சா ஆப் ஏன் உடையுது?

ஃப்ளட்டர்ல லிஸ்ட் வியூ எழுதுறவங்க ஒரு தடவையாவது சந்திக்கிற டைப் காஸ்ட் எரர் பத்தி இன்னைக்குப் பேசலாம். இதுல நான் ரெண்டு தப்பு பண்ணினேன். ரெண்டாவதுதான் பெரிய தப்பு.

ஒரு காய்கறிக் கடைக்கு ஆப் செஞ்சு கொடுத்திருந்தேன். ஒருநாள் காலையில கடைக்காரர் போன் பண்ணினார். "தம்பி, தேங்காய் விலையைக் குறைச்சேன், ஆப் போச்சு" என்றார். திறந்து பார்த்தா, தேங்காய்க்கு மேல இருக்கிற காய் எல்லாம் சரியா வருது. அங்கிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம்.

விஷயம் இதுதான். விலை முதல்ல 32.50, அன்னைக்கு 30. சர்வர் ஜாவாஸ்கிரிப்ட். அது 30.00 என்பதை ஜேசான்ல வெறும் 30 என்றுதான் அனுப்பும். புள்ளி இல்லாத எண்ணை டார்ட் 'இன்ட்' என்று எடுத்துக்கொள்ளும். நான் 'ஆஸ் டபுள்' என்று எழுதியிருந்தேன். 'ஆஸ்' எதையும் மாற்றித் தராது, "நீ டபுளா?" என்று கேட்கும், இல்லையென்றால் எரர். லிஸ்ட் வியூ பில்டர் ஸ்க்ரோல் பண்ணும்போதுதான் ஒவ்வொரு வரிசையாகக் கட்டும். அதனால மேலே இருக்கிற வரிசைகள் தப்பிச்சது.

அவசரத்துல டிரை-கேட்ச் போட்டு, எரர் வந்தா விலை 0 என்று வைத்தேன். சாம்பல் போச்சு, நானும் நிம்மதியாத் தூங்கினேன். மறுநாள் பார்த்தா தேங்காய் 0 ரூபாய்க்கு 14 ஆர்டர். கடைக்காரர் வாக்கு மாறக்கூடாது என்று அத்தனையும் இலவசமாகவே கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தை நான்தான் கட்டினேன். எரர் உண்மையைச் சொல்லிச்சு, நான்தான் அதன் வாயை மூடினேன்.

சரியான வழி சின்னதுதான். இன்ட், டபுள் ரெண்டுக்கும் பொதுவான டைப் 'நம்'. முதல்ல 'ஆஸ் நம்', அப்புறம் 'டு டபுள்'. விலையே வராமப் போகலாம் என்றால் கேள்விக்குறியோட 'நம்' போடுங்க. அப்போ திரையில "விலை இல்லை" என்று காட்டி, வாங்கும் பட்டனை அணைச்சிடுங்க. இதையெல்லாம் ஜேசானைப் படிக்கிற ஒரே இடத்துல செய்யணும், வரிசை கட்டுற இடத்துல இல்லை.

பட்டியலுக்கும் இதே கதை. ஜேசான்ல வர்ற லிஸ்ட் டைனமிக் லிஸ்ட். உள்ளே எல்லாமே ஸ்ட்ரிங்கா இருந்தாலும் 'ஆஸ்' போட்டு ஸ்ட்ரிங் லிஸ்ட் ஆக்க முடியாது. 'காஸ்ட்' மெத்தட் ஒவ்வொன்றையும் தொடும்போதுதான் சோதிக்கும். எரர் மறுபடி ஸ்க்ரோல்லதான் வெடிக்கும். 'லிஸ்ட் ஃப்ரம்' அப்பவே எல்லாத்தையும் சோதிச்சிடும்.

கடைசியா ஒண்ணு. நான் குரோம்ல மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தேன். அங்கே எண் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் எண்தான், இந்த எரர் வரவே வராது. 30, 30.5, வெறுமை, மேற்கோளுக்குள்ள "30" என்று நாலு வரிசை வைத்து போன்லயே சோதிச்சுப் பாருங்க.