கண்ணாடி வழியே வரும் வெயில்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்தச் சூட்டில், ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை தயாரித்த பழைய மோட்டார் ஹோம் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்று நின்றால் என்ன ஆகும்?

அழகான வண்டிதான். அகலமான முகப்புக் கண்ணாடி, வம்பே அதுதான். பலர் உள்ளே திரை போடுகிறார்கள். ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுட, அந்தச் சூடு வண்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளிப்பக்கம் துணி போர்த்தினால் வெயில் வாசலோடு திரும்பிவிடும்.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு கட்டாயம்.

கூரை ஏசி மட்டும் போதாதா? இத்தகைய வண்டிகள் தங்கும் முகாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போட்டால் மின்னழுத்தம் இறங்கும். கம்ப்ரசர் திணறிச் சூடேறும். ஃபீனிக்ஸ் இருக்கும் அரிசோனாவின் வறண்ட காற்றில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரே நன்றாக வேலை செய்கிறது. ஈரக்காற்று வீசும் ஃபுளோரிடாவில் அது வெறும் புழுக்கம்!

இந்த வண்டிகள் சிலவற்றில் இருக்கும் ஃபிரிட்ஜ் கேஸ் நெருப்பில் இயங்கும் அம்மோனியா வகை. அதன் சூடு பின்பக்கத் துவாரம் வழியாக வெளியேற வேண்டும். ஆகவே, பிற்பகலில் அந்தப் பக்கம் நிழலில் இருக்கும்படி வண்டியை நிறுத்துவதும், துவாரத்தில் சின்ன விசிறி வைப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம்.