டச்சுக்காரர் வீட்டுப் பெண்கள்



மேற்கத்திய வரலாற்றில் பெண்கள் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நோட்டீஸைப் படித்த ஒரு பெரியவர், "நம்ம ஊர்ல நின்னுக்கிட்டு வெள்ளைக்காரி கதை எதுக்கு?" என்று கேட்டார். வேறு ஊராக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஆனால் இது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரன் வாயில் இந்தப் பெயர் நுழையாமல் சட்ராஸ் ஆகி, ஐரோப்பாவின் கடல் வரைபடங்களில் ஏறிய ஊர். செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. உள்ளே அவர்கள் கல்லறைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்கள் இங்கேயும் இறங்கி, அந்தக் கல்லெழுத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் வீட்டில் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு நாம் கேட்போம்.

வெள்ளைக்காரப் பெண் என்றால் நம் மனசில் ஒரு படம் உண்டு. அவள் ஆதியிலிருந்தே சுதந்திரமாக இருந்தவள், நாம்தான் கட்டுப்பெட்டிகள் என்ற படம். அதையே திருப்பிப் போட்டு, அவர்கள் கெட்டுப்போனவர்கள், நாம் ஒழுக்கமானவர்கள் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பொய்யை நம்புகிறார்கள். தேதிகளை எடுத்துப் பார்த்தால் கதை வேறு.

1600-களில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன வெளிநாட்டார், அந்த ஊர்ப் பெண்கள் கடையில் உட்கார்ந்து கணக்கெழுதுவதையும் பேரம் பேசுவதையும் கண்டு அசந்துபோய் எழுதி வைத்திருக்கிறார்கள். கைம்பெண்ணும் மணமாகாத பெண்ணும் தன் பெயரில் வியாபாரம் செய்யலாம். மணமானவள் புருஷனின் பொறுப்பில்தான். ஆனால் அவன் சம்மதத்தோடு வெளிப்படையாக வணிகம் செய்கிறவள் என்றால், அவள் போட்ட ஒப்பந்தம் செல்லும். யூடித் லைஸ்டர் என்று ஒரு ஓவியர். 1633-ல் ஹார்லெம் நகரத்து ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்தான். அவருக்கென்று சொந்தப் பட்டறையும் மாணவர்களும் உண்டு. அப்புறம் என்ன ஆயிற்று? அவர் இறந்தபின் படங்களை ஃப்ரான்ஸ் ஹால்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர் வரைந்ததாகச் சொல்லி விற்றார்கள். 1893-ல்தான் ஒரு கலை ஆய்வாளர் அவரது கையொப்பத்தைக் கண்டுபிடித்தார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரு பெண்ணின் கைவேலை ஓர் ஆணின் பெயரில் இருந்தது.

இதே காலத்தில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வாங்கியது துணி. தறியில் உட்கார்ந்தவர் ஆண். அந்தத் தறிக்கு நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. பஞ்சம் வந்தபோது இதே சோழமண்டலக் கரையிலிருந்து, வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட மனிதர்களைக் கம்பெனிக் கப்பல்கள் அடிமைகளாக இலங்கைக்கும் ஜாவாவின் பத்தாவியாவுக்கும் ஏற்றிப்போயின. அதில் பெண்களும் இருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் சீமாட்டி கணக்கெழுதிய வரவில் அந்தப் பணமும் சேர்ந்துதான் இருந்தது. மேற்கின் பெண் விடுதலையைப் பேசும் நூல்கள் பல இந்தப் பக்கத்தைத் திருப்பாமலே போய்விடுகின்றன.

சரி, டச்சுப் பெண் அங்கிருந்து படிப்படியாக முன்னேறினாள் என்று நினைப்பீர்கள். இல்லை. கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு ஏத்தமும் வத்தமும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்ணுரிமையும் அப்படித்தான், ஏறின தண்ணீர் வாங்கவும் வாங்கும். நெப்போலியன் ஆட்சி அங்கே ஒரு சட்டத்தொகுப்பைக் கொண்டுவந்து வைத்தது. அவன் போனபிறகு, 1838-ல் டச்சுக்காரர்கள் சொந்தமாக எழுதிக்கொண்ட சிவில் சட்டமும் அதே வழியில்தான் போனது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அவன் உதவியில்லாமல் ஒப்பந்தம் போடும் தகுதி அவளுக்குக் கிடையாது. பைத்தியக்காரருக்கும் சின்னப் பிள்ளைக்கும் சட்டத்தில் என்ன இடமோ, அதுதான் கட்டின மனைவிக்கும்.

அந்தச் சட்டம் இருந்த காலத்தில் ஒரு பெண் வருகிறார். அலெத்தா யாக்கோப்ஸ். கிராமத்து டாக்டரின் மகள், பிறந்தது 1854-ல். அப்பா மாதிரி டாக்டராக வேண்டும். பல்கலைக்கழகத்தில் பெண்ணுக்கு இடமில்லை. பதினேழு வயசுப் பெண் நேரே அந்நாட்டு அமைச்சர் தோர்பெக்கேவுக்குக் கடிதம் எழுதினாள். அமைச்சர் அனுமதி கொடுத்தார், ஆனால் பதிலை அவளுக்கு எழுதவில்லை, அவள் அப்பாவுக்கு எழுதினார்! (சிரிக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடும்போது நாம் யாருடைய போன் நம்பரைக் கொடுக்கிறோம்?) ஒரு வருஷத்துக்குத்தான் என்று கொடுத்த அனுமதி பிறகு நிலையானது. 1879-ல் முனைவர் பட்டமும் வாங்கி ஆம்ஸ்டர்டாமில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

அங்கே அவரிடம் வந்த நோயாளிகளில் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருப்பதால் உடம்பு கெடுகிறது என்று அவர் கண்டார். மருந்து எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. கடையில் நாற்காலி போட வேண்டும் என்று வருஷக்கணக்காக இயக்கம் நடத்தினார். நம் தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை எப்போது சட்டமானது தெரியுமா? 2021-ல். சட்டம் வந்துவிட்டது. அடுத்த முறை தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

1883-ல் அலெத்தா இன்னொரு காரியம் செய்தார். வாக்களிக்க இவ்வளவு வரி கட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆண்தான் வாக்களிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் வரி கட்டுகிறேன், என் பெயரைப் பட்டியலில் சேருங்கள் என்று மனு கொடுத்தார். நகராட்சி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அதற்கப்புறம் செய்ததுதான் வேடிக்கை. 1887-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, வாக்காளர் என்பவர் ஆண் என்று எழுத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெண் கேட்டுவிட்டாள் என்பதற்காக, திறந்திருந்த சந்தையும் அடைத்தார்கள். 1919-ல்தான் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்தது.

நம் சென்னை மாகாணம் 1921-லேயே, ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் பெண்ணும் வாக்களிக்கலாம் என்று தீர்மானித்தது. சொத்துள்ளவருக்குத்தான் அந்த வாக்கு, ஆகவே பெரிய கொண்டாட்டத்துக்கு இடமில்லை. ஆனாலும் பிரான்ஸில் பெண்ணுக்கு வாக்கு வந்தது 1944-ல். சுவிட்சர்லாந்தில் 1971-ல். நம் பக்கத்து இலங்கையில் 1931-லேயே படித்தவர், படிக்காதவர் என்று பார்க்காமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். யார் யாருக்கு முன்னால் நடந்தார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேரி ஷார்லீப் அம்மையாரின் கதை. அவர் ஆங்கிலேயர். கணவர் சென்னையில் வக்கீல். இங்கே கோஷா என்ற திரைமறைவில் இருந்த பெண்கள், ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்ததைக் கேள்விப்பட்டார். முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டார். பிறகு டாக்டருக்கே படிக்கிறேன் என்றார். அப்போது அவருடைய தாய்நாட்டில் நிலைமை என்ன? 1870 நவம்பரில் எடின்பரோவில் ஏழு பெண்கள் மருத்துவத் தேர்வு எழுதப் போனபோது, கூட்டம் கூடிச் சேற்றை வாரி அடித்தார்கள். தேர்வுக் கூடத்துக்குள் ஓர் ஆட்டைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் பட்டமே கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு பேருக்கும் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது 2019-ல், எல்லோரும் செத்துப் பல காலம் ஆனபிறகு.

சென்னையில் என்ன நடந்தது? மருத்துவத் துறைத் தலைவராக இருந்த பால்ஃபர் பெண்களைச் சேர்க்கலாம் என்று துணை நின்றார். 1875-ல் மேரி ஷார்லீப்பையும் இன்னும் மூன்று பெண்களையும் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறதே, அந்தக் கல்லூரிதான். மூன்று வருஷம் படித்துத் தேறி, அதற்கப்புறம் லண்டன் போய் 1882-ல் அங்கேயும் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். 1885-ல் அவர் முன்னின்று தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபாய் காந்தி ஆஸ்பத்திரி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலேயே அங்கே பிறந்தவர்கள் இருக்கலாம். அதே மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார் புதுக்கோட்டை முத்துலட்சுமி. 1927-ல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரும் ஆனார். மேற்கிலிருந்து வந்த வெளிச்சம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்தக் கல்லூரி சாட்சி. ஒரு வெள்ளைக்காரப் பெண் டாக்டருக்குப் படிக்கத் தொடங்கியது சென்னைப் பட்டணத்தில்.

இனி செங்கல்பட்டுக்கு வருவோம். பிப்ரவரி 17 என்ற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1782-ல் அந்தத் தேதியில் நம் சதுரங்கப்பட்டினக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பீரங்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஐரோப்பியப் போர் வரலாற்றில் சட்ராஸ் சண்டை என்று அதற்குப் பெயர். 1929-ல் அதே பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு. சௌந்தரபாண்டியனார் தலைமை, பெரியார் முன்னின்று நடத்தியது. பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை, வாரிசுரிமை வேண்டும், கல்யாண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும், துணையைத் தேர்ந்தெடுக்கவும் ஒத்துவராவிட்டால் விலகவும் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். நெதர்லாந்தின் பார்ன் நகரில் அலெத்தா அம்மையார் இறந்ததும் அதே 1929-ல்தான்.

அந்த வருஷம் நெதர்லாந்தில் மணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் பேங்க் கணக்குத் தொடங்க முடியாது. அரசு வேலையில் இருக்கிற பெண் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை எதிர்த்து 1955-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் கோரி தெண்டெலோ என்ற பெண் உறுப்பினர். 46 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு. இரண்டே ஓட்டு! மணமான பெண் சட்டப்படி முழுத் தகுதியுள்ளவள் என்ற சட்டம் 1957 ஜனவரி 1 முதல் அமலானது. அதைப் பார்க்கத் தெண்டெலோ உயிரோடு இல்லை.

அவர்களை விட நாம் முந்திவிட்டோம் என்று கை தட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். செங்கல்பட்டில் கேட்ட சமச் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 1989-ல். அறுபது வருஷம். அதிலும் அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். 2005-ல் மத்திய சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2020 ஆகஸ்ட்டில்.

சட்டம் இருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்து பெஞ்சில் என்ன நடக்கிறது? ஈசிஆர் சாலை வந்தபிறகு இந்தப் பக்கம் நிலத்தின் விலை என்ன ஏறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பி காரில் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அக்காவுக்கு டிபன், காபி. பத்திரம் எழுதுகிறவர் ஏற்கனவே அடித்து வைத்த தாள்களை நீட்டுகிறார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, போட்டோவுக்குப் பாருங்கம்மா." சொத்தில் தன் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம். "உனக்குத்தான் நகை போட்டோம், சீர் செஞ்சோம், வளைகாப்பு பண்ணினோம்" என்று ஒரு வரி. "அம்மா வீட்டு வாசப்படி வேணுமா வேணாமா?" என்று இன்னொரு வரி. அந்த அக்கா படிக்காமலே கையெழுத்துப் போடுகிறாள். 1838-ல் டச்சுக்காரிக்குச் சட்டம் செய்ததை, இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கும்போதே பாசத்தை வைத்துச் செய்து முடிக்கிறார்கள்.

தங்கச்சி மனசார விட்டுக்கொடுத்தால் அது அவள் இஷ்டம், நான் குறுக்கே நிற்கவில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம், அது எத்தனை சென்ட், இன்றைய மதிப்பு என்ன என்று தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும்.

ஆகவே தாய்மார்களே, மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறேன். அரசின் மகளிர் உரிமைத்தொகை வருகிற கணக்கின் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் உங்கள் கையில் இருக்கட்டும், ரகசிய எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். எந்தப் பத்திரமானாலும் முதல் நாளே நகல் வாங்கி, பள்ளிக்கூடம் போகிற உங்கள் மகளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே வக்கீல் உதவி இலவசம். 1987-ஆம் வருஷத்துச் சட்டம் அது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்து பஸ் ஏறுங்கள்.