வீட்டிலுள்ள இரு கணினிகள்: வழியும் அனுமதியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று மாலை உங்கள் முன்னிலையில் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் பணித்தபோது நான் மிகவும் தயங்கினேன். நான் கணினிச் சாஸ்திரம் கற்றவனல்லன். முப்பது வருஷ காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆயினும் சில மாதங்களுக்கு முன் என் வீட்டில் நேர்ந்த ஒரு கஷ்டத்தையும், அதில் நான் செய்த பிழைகளையும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "இதையே சபையில் சொல்லுங்கள், இந்தக் கஷ்டம் வராத வீடு நம்மில் எத்தனை இருக்கும்?" என்று அவர் கேட்டார். கற்றவன் சொல்லும் பாடத்தோடு பட்டவன் சொல்லும் பாடமும் ஓரளவு பயன்படும் என்னும் துணிவினால் இங்கு வந்து நிற்கிறேன்.

விஷயம் இதுதான். ஒரு வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ரவுட்டரோடு இணைந்துள்ளன. இரண்டிலும் இன்டர்நெட் குறைவின்றி வருகிறது. ஆனால் ஒன்றிலுள்ள கோப்பை மற்றொன்றிலிருந்து திறக்க முயன்றால் திறப்பதில்லை. கடல் கடந்த தேசத்துச் செய்தி கணப்பொழுதில் வந்து சேர, அடுத்த அறையிலிருக்கும் பெட்டி மட்டும் மௌனம் சாதிப்பது வியப்பாக இருக்கிறதல்லவா?

என் வீட்டுப் பழைய கணினி விண்டோஸ் 10 கொண்டது. அப்பதிப்பிற்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதியோடு முடிவடைந்தது. ஆகையால் விண்டோஸ் 11 கொண்ட புதிய கணினி ஒன்றை வாங்கினேன். பழையதில் இருந்தவை எவை? இருபது வருஷத்துக் குடும்பப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள், இவற்றிற்கெல்லாம் மேலாக, காலஞ்சென்ற என் தாயாரின் குரல். அவர்கள் கடைசி நாட்களில் பாடிய தாலாட்டுகளையும், சொன்ன ஊர்க்கதைகளையும் என் மகள் பதினொரு துண்டுகளாகப் பதிவு செய்து அதில் வைத்திருந்தாள். வேறெங்கும் அவற்றிற்குப் பிரதி கிடையாது. அக்கணினியின் ஹார்ட் டிஸ்க் சில நாட்களாகவே "டக், டக்" என்று ஒலித்துக்கொண்டிருந்தது. பழைய சாமான் சத்தமிடுவது சகஜந்தானே என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இச்சத்தத்தை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்பர்களே, கோப்புப் பகிர்வில் நேரும் இடையூறுகள் எத்தனை விதமாகத் தோன்றினும், அவையனைத்தும் இரண்டே வகையில் அடங்கும். ஒன்று வழியின் குறை. மற்றொன்று அனுமதியின் குறை. ஒருவர் நம் வீட்டிற்கு வர விரும்பினால், தெருவும் கதவிலக்கமும் தெரியவேண்டும், அது வழி. வாசலுக்கு வந்தபின் நாம் அவரை இன்னாரென்று அறிந்து உள்ளே அழைக்கவேண்டும், அது அனுமதி. கணினி எந்தக் குறையென்பதைத் தானே சொல்லிவிடுகிறது. வலையில் அப்பாதை காணப்படவில்லை என்று தெரிவித்தால் பெரும்பாலும் வழியின் குறை. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டாலும், உமக்கு உரிமையில்லை என்று தெரிவித்தாலும், வழி சரியாக இருக்கிறது, குறை அனுமதியில் என்று கொள்க. நான் அச்செய்திகளைப் படிக்காமலே சினந்து மூடினேன். மூன்று மாலைப்பொழுதுகள் வீணானதற்கு அதுவே முதற் காரணம்.

முதலில் வழியை ஆராய்வோம். கோப்பை வைத்திருக்கும் கணினி விழித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உறங்கும் கணினி விடை சொல்லாது. அடுத்து, இரண்டும் உண்மையாகவே ஒரே வலையில் இருக்கின்றனவா? சில வீடுகளில் விருந்தினர்க்கென்று தனி வை-பை வைத்திருப்பார்கள். அதில் சேர்ந்த கருவி இன்டர்நெட்டைக் காணுமேயன்றி, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளைக் காணாதபடி பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும். மாடிக்கென்று இரண்டாவது ரவுட்டர் வைத்த வீடுகளில், கீழ்வீடு ஒரு வலையாகவும் மேல்வீடு வேறு வலையாகவும் பிரிந்துபோவதுண்டு.

இதை அறியும் உபாயம் எளிது. கட்டளைச் சாளரத்தில் "ஐ.பி.கான்பிக்" என்னும் கட்டளையை இட்டால் அக்கணினியின் விலாசம் எண்களாகத் தோன்றும். ஒன்று 192.168.1.5 என்றும் மற்றொன்று 192.168.1.12 என்றும் இருந்தால், சாதாரண வீட்டு ரவுட்டர்களில் அவை ஒரே தெருவில் இருப்பதாகக் கொள்ளலாம். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால், பெரும்பாலும் தெருக்கள் வேறு. 169.254 என்று தொடங்கினாலோ, அக்கணினிக்கு ரவுட்டர் விலாசமே கொடுக்கவில்லை. தானே ஒன்றைப் புனைந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். அப்போது கம்பியையோ வை-பை இணைப்பையோ சரிபார்ப்பதே முதற் காரியம்.

விலாசம் தெரிந்தபின் "பிங்" என்னும் கட்டளையால் மற்றக் கணினியைக் கூவி அழைக்கலாம். விடை வந்தால் வழி திறந்திருக்கிறது. விடை வராவிட்டால் வழியே இல்லையென்று உடனே முடிவு கட்டலாகாது. ஃபயர்வால் என்னும் காவற்காரன் வாயைப் பொத்தியிருக்கவுங்கூடும். விண்டோஸில் ஒவ்வொரு வலையையும் "பப்ளிக்" என்றோ "பிரைவேட்" என்றோ குறிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ரயில் நிலையம், ஹோட்டல் போன்ற பொது இடத்து வலைக்கு முன்னது. சொந்த வீட்டிற்குப் பின்னது. பப்ளிக் என்றிருந்தால் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் என்னும் பகுதியில் பிரைவேட் என்று மாற்றி, பிற கணினிகளைக் கண்டறியும் ஏற்பாட்டையும் கோப்புப் பகிர்வையும் இயங்கச் செய்தால், வேண்டிய அளவிற்குக் காவற்காரன் வழிவிடுவான். என் பழைய கணினி பப்ளிக் என்றே இருந்தது. அதை மாற்றியதும் முதல் நாளைய பாதைக் குறை நீங்கியது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மற்றக் கணினியின் பெயர் பட்டியலில் தோன்றாவிட்டாலும் வழி அடைபட்டதென்று கொள்ளவேண்டியதில்லை. விலாசப் பெட்டியில் \\192.168.1.12 என்று எண்ணையே எழுதிப் பாருங்கள். எண்ணால் திறந்து பெயரால் திறக்காவிட்டால், குறை பெயரை அறிவிக்கும் ஏற்பாட்டில் மட்டுமே. ஆனால் ரவுட்டர் கொடுக்கும் எண் நாளடைவில் மாறக்கூடும். அது மாறாதிருக்க ரவுட்டரிலேயே ஒதுக்கீடு செய்துவைக்கலாம்.

இனி அனுமதி. என் இரண்டாம் நாள் முழுதும் இங்கேதான் கழிந்தது. புதிய கணினி என்னிடம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பழைய கணினியைத் திறக்க நான் தினமும் அழுத்தும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தேன், மறுத்தது. மீண்டும் கொடுத்தேன், மீண்டும் மறுத்தது. என் வீட்டிற்குள் என்னையே விடமாட்டாயா என்று கோபம் வந்தது. பிழை என்னுடையது. அந்நான்கு இலக்க எண் கணினியின் முன்னால் அமர்ந்திருப்பவனுக்கு மட்டுமே உரியது. வலைவழியாக வருபவனுக்கு அது செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே கொடுக்கவேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வலைவழியாக உபயோகிக்க விண்டோஸ் சாதாரணமாக இடங்கொடுப்பதில்லை என்பதையும் அறிக.

இதையறியாத நான், கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டையே பழைய கணினியில் நிறுத்திவிட்டேன். உடனே புதிய கணினி வேறொரு செய்தி காட்டியது. அடையாளம் காட்டாத விருந்தினரை அனுமதிப்பது "உங்கள் நிறுவனத்தின்" பாதுகாப்பு விதிக்கு விரோதம் என்பது அதன் சாரம். என் வீட்டில் நிறுவனம் ஏது? நானும் என் மனைவியுந்தான்! அவளோ, தான் அப்படி ஒரு விதியும் இடவில்லை என்று சொல்லிவிட்டாள். உண்மையில் அது விண்டோஸே விதித்திருக்கும் விதி. 2024-ல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பின் புரோ வகையில் பெயரில்லாத விருந்தினர் முறை இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு நேரான வழி ஒன்றுண்டு. கோப்புள்ள கணினியில், பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கைக் கடவுச்சொல்லோடு உண்டாக்கி, பகிரவேண்டிய அந்த ஒரு அடைவிற்கு மட்டும் அக்கணக்கிற்கு உரிமை கொடுத்து, மற்றக் கணினியிலிருந்து அப்பெயரையும் சொல்லையும் கொடுக்கவேண்டும். அப்பொழுதும் மறுத்தால், பூட்டுகள் இரண்டு என்பதை நினைவுகூர்க. பகிர்வின் உரிமை ஒன்று. அக்கோப்புகளுக்கே உள்ள உரிமை மற்றொன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். முன்பு தவறாகக் கொடுத்த கடவுச்சொல்லைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பதும் உண்டு. சேமித்த சொற்களின் பட்டியலில் அதை அழித்துவிடவேண்டும்.

இவையெல்லாம் தெரியாத பதற்றத்தில் நான் செய்த பெரும் பிழையைச் சபையறியச் சொல்கிறேன். ஃபயர்வாலை இரு கணினிகளிலும் முற்றிலும் நிறுத்தினேன். அடைவில் யார் வேண்டுமாயினும் எதுவும் செய்யலாம் என்று உரிமை கொடுத்தேன். எஸ்.எம்.பி. முதற் பதிப்பைத் திறந்தால் எல்லாம் சரியாகும் என்று யாரோ எங்கோ சொன்னதைக் கேட்டு அதையும் திறந்தேன். மூன்றையும் ஒரே மூச்சில் செய்தபடியால், எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதும் எனக்குத் தெரியாமற் போயிற்று.

எஸ்.எம்.பி. என்பது விண்டோஸ் கணினிகள் கோப்பைக் கேட்கவும் கொடுக்கவும் பேசிக்கொள்ளும் பாஷை. 1980-களில் ஐ.பி.எம். கம்பெனியில் தோன்றியது. அதன் முதற் பதிப்பு இக்காலத்திற்கு ஏற்ற பாதுகாப்பற்றது. 2017-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி "வானாக்ரை" என்னும் நச்சு நிரல் அப்பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டையின் வழியாகக் கணினிக்குக் கணினி தானே பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த பல ஆஸ்பத்திரிகளில் வைத்தியமே தடைப்பட்டது. அந்த ஓட்டைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனியார் அவ்வருஷம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தும், அதை ஏற்றாத கணினிகள் அநேகம் அகப்பட்டன. அவ்வருஷக் கடைசியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், இம்முதற் பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. அப்படி அடைத்த கதவைத்தான் நான் என் கையால் திறந்துவைத்தேன்.

மூன்றாம் நாள் வெளியூரிலிருக்கும் என் மகன் தொலைபேசியில் பேசினான். எல்லாவற்றையும் கேட்டபின், "அப்பா, அந்த டிஸ்க் சத்தம் போடுகிறதா?" என்றான். ஆம் என்றேன். "அப்படியானால் பகிர்வை விடுங்கள். பாட்டியின் பதிவுகளை இப்பொழுதே ஒரு பென் டிரைவில் எடுங்கள். வழி பிறகு தேடலாம்" என்றான்.

அவ்விரவே எடுக்க முயன்றேன். பதினொன்றில் எட்டு வந்தன. மூன்று கோப்புகளைப் படிக்க இயலவில்லையென்று கணினி கைவிரித்தது. மறுநாள் காலையில் அந்த டிஸ்க் அறவே நின்றுவிட்டது. புகைப்படங்களிற் பெரும்பகுதி முன்னரே உறவினர்களிடம் இருந்தபடியால் பிழைத்தன. போன மூன்றில் ஒன்று, என் மகளைத் தூங்கவைக்க என் தாயார் பாடிய தாலாட்டு. நான் வலைவழியாகவே எடுத்துக் காட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்த அந்த முதல் நாளிலேயே எடுத்திருந்தால் அதுவும் வந்திருக்கக்கூடும்.

ஆகையால் சபையோர்களே, நான் விலைகொடுத்துக் கற்றவற்றை நான்கு வார்த்தைகளில் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, அழியக்கூடிய பொருள் உள்ளே இருந்தால், முதலில் எவ்வழியிலேனும் பிரதி எடுங்கள், ஆராய்ச்சி பிறகு. பகிர்வு வேறு, பிரதி வேறு. இரு கணினிகளிலிருந்து ஒரு கோப்பைக் காண முடிந்தாலும், கோப்பு ஒன்றே. அது இருக்கும் டிஸ்க் அழிந்தால் இரண்டிலும் இல்லை.

இரண்டாவது, கணினி காட்டும் செய்தியைப் படியுங்கள். வழியின் குறையா, அனுமதியின் குறையா என்று பிரித்தறியுங்கள்.

மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பயன்படாவிட்டால் பழையபடி திருப்புங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

நான்காவது, காவலை முழுதும் நீக்குவது பரிகாரமன்று. சாவி பொருந்தவில்லையென்று கதவையே கழற்றி வைப்பாருண்டோ? நான் கழற்றிய கதவுகளை என் மகன் சொல்லியபின் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன்.

இப்பொழுது என் மனைவியின் மடிக்கணினியும் என்னுடைய புதிய கணினியும் நான் சொன்ன முறைப்படி, தனிக் கணக்கும் கடவுச்சொல்லுமாக, ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொள்கின்றன. மிஞ்சிய எட்டுப் பதிவுகளும் இரண்டிலும் தனித்தனியே இருக்கின்றன. மூன்றாவது பிரதி மகன் வீட்டில் இருக்கிறது. இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் வீட்டில் ஒரே ஒரு பெட்டியில் மட்டும் இருக்கும் பொருள் எது என்று வீட்டாரோடு கலந்து, அதற்கு ஒரு பிரதி எடுத்துவைத்தீர்களானால், நான் இழந்த அந்த மூன்றிற்கும் ஒரு பயன் உண்டாயிற்று என்று மகிழ்வேன்.