கடன் வாங்கினால் பத்தா, பன்னிரண்டா?

(பேராவூரணியில் நடந்த மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற நடுநிலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருவர் பேசியது)



கடன் என்றதும் குழுக் கடன், வங்கிக் கடன் என்று நோட்டை எடுத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது கழித்தல் கணக்கில் பக்கத்து வீட்டில் வாங்குகிற கடன்.

ஏழாம் வகுப்புக்கு ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டேன். வீட்டில் 4 கலம் 3 மரக்கால் நெல் இருந்தது. 1 கலம் 8 மரக்கால் அவித்து அரைத்தாகிவிட்டது. மீதி எவ்வளவு? பாதி வகுப்புக்கு மேல் 2 கலம் 5 மரக்கால் என்று எழுதினார்கள். 3-இல் 8 போகாது, கடன் வாங்கினால் 13, அதில் 8 போனால் 5. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் செய்திருக்கிறார்கள்! ஆனால் கலத்தை உடைத்தால் வருவது பத்து மரக்கால் இல்லை, பன்னிரண்டு. 12-உம் 3-உம் 15. அதில் 8 போனால் 7. மீதி 2 கலம் 7 மரக்கால். ரெண்டு மரக்கால் நெல்லைக் காகிதத்திலேயே தொலைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒரு பெண் வந்து, "டீச்சர், எங்க அப்பாயி எழுதாமலே சொல்லிட்டாங்க" என்றாள். எப்படியாம்? ஒரு கலம் எட்டோடு நாலு மரக்கால் சேர்த்தால் ரெண்டு கலம் ஆச்சு. அதற்கு மேல் நாலு கலம் மூணு வர இன்னும் ரெண்டு கலம் மூணு வேணும். ஆக மொத்தம் ரெண்டு கலம் ஏழு. கடனே வாங்காத கழித்தல்! அதற்குப் பிறகு அந்த வழியைத்தான் நானும் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அதனால் கடன் வாங்கும் முன் "எத்தனை சேர்ந்தால் ஒன்று?" என்று கேட்கும் பழக்கம் தானாக வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா ஆனது. பிறகு கிலோவும் லிட்டரும் வந்தன. நல்லதுதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் நம் பக்கம் நிலத்தை இன்னும் மாவில்தானே பேசுகிறோம்? பட்டாவோ ஹெக்டேரில் வருகிறது. வில்லங்கம் அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கட்டிக்கொடுத்த ஊர் தூரம். அப்பா எழுதி வைத்த நிலத்தை அண்ணன் சாகுபடி செய்துவந்தார். பட்டாவில் 0 - 33.50 என்று போட்டிருந்தது. ஒரு மா என்பது 33 சென்ட் என்று அக்காவுக்குத் தெரியும். "33 போட்டிருக்கு, அப்ப ஒரு மாதான்" என்று ஒரு மாவுக்கு விலை பேசிவிட்டார். வாங்க வந்தவர் வாயே திறக்கவில்லை. அட்வான்ஸ் கை மாறும் முன் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான், "அம்மா, இது சென்ட் இல்லை, ஏர்" என்றாளாம். உழுகிற ஏர் இல்லைங்க, இது நூறு சதுர மீட்டர். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட். 33.50-ஐ 2.47-ஆல் பெருக்கினால் 82¾ சென்ட், அதாவது ரெண்டரை மா. ஒன்றரை மா நிலம் சும்மா போயிருக்கும்.

இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நம் தஞ்சாவூர் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. பழைய கணக்கில் இருபதில் ஒன்று என்ற பின்னத்துக்கே பெயர் 'மா'. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா. செங்கல்பட்டுப் பக்கம் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, நம்முடையதைப் போல நாலு மடங்கு. சம்பந்தி வீட்டு நிலம் அந்தப் பக்கம் என்றால் முதலில் குழியின் அளவைக் கேளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தபோது, மரத்துக்கு 1,100 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வந்தது. மா கணக்கில் அது மாவுக்கு 23 மரம். மூணு மா தோப்பு என்றால் 70 மரம், 77,000 ரூபாய். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் பட்டியலில் மரம் குறைந்தபோது அங்கேயே கேட்க முடிந்தது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று எழுதாதீர்கள். அடிக்கு 12 அங்குலம், ஆறு என்பது பாதி. எழுத வேண்டியது 10.5. கால்குலேட்டர் நாம் போட்டதைத்தான் பெருக்கும்.

"டீச்சர், கொள்முதல் நிலையத்து மூட்டை?" என்று பின்னாலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். அங்கே மூட்டை 40 கிலோ. நாம் வீட்டில் ரெண்டு கலத்தை ஒரு மூட்டையாக்கி 60 கிலோ என்று பேசுகிறோம். வீட்டில் 20 மூட்டை என்றால் அங்கே 30 மூட்டைக்கு ரசீது வரவேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அவரவர் பட்டா நகலைக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். ஏர் கணக்கை அவர்கள் போடட்டும், மா கணக்கை நீங்கள் சொல்லுங்கள். ரெண்டும் ஒத்துவருகிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம்.