ஓகாரக் குறியும் ஒரு நிரல் திருத்தமும்



'ஈப்போ' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. கணினியோ அதனை ஒருங்குறியில் ஐந்து குறியெண்களாகவும் சேமிக்கலாம், ஆறாகவும் சேமிக்கலாம். ஓகாரக் குறிக்குத் தனி எண் ஒன்று உண்டு. இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் அதனை எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இரண்டையும் நிகரென்றே கொள்கின்றது.

கோப்புப் பெயரில்தான் சிக்கல் எழுகின்றது. மேக் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புமுறை, பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் கொடுத்த வடிவை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே, மேக்கில் 'தோட்டம்' எனப் பெயரிட்ட கோப்பை லினக்ஸில் தேடினால், அப்படியொரு கோப்பே இல்லை என்னும் விடை வரக்கூடும். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. அவற்றின் பள்ளிப் பதிவேடுகளையும் கோயில் மலர்களையும் மின்வடிவில் காக்க முனைவோர்க்கு இது சிறு தொல்லையன்று. தோட்டமும் இல்லை, ஏடும் இல்லை என்றாகிவிடும்.

நிரல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் திறமூல மென்பொருளான கிட், 2012இல் வந்த 1.7.12ஆம் பதிப்பில் இதற்கொரு திருத்தத்தை ஏற்றது. மேக் தரும் பெயரை முதலில் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக்கொண்டு பிறகு கையாளுவதே அது. ஐரோப்பிய மொழிகளின் புள்ளியிட்ட எழுத்துகளுக்கும் இதே நோய் உண்டு, மருந்தும் ஒன்றே.

இத்தகைய திருத்தத்தை மதிப்பிடுவோர் நிரல் ஓடுகின்றதா என்று பார்த்தால் மட்டும் போதாது. 'பேராக்' என்னும் சொல்லைக் கொடுத்துச் சோதித்தால் திருத்தப்படாத நிரலும் தேறிவிடும். ஏகாரக் குறி பிரிவதில்லை. உயிர்மெய்க் குறிகளுள் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளே பிரிவன. ஈப்போ, கோப்பெங், தோட்டம் என்பனவே இங்கு உரைகற்கள். தமிழாசிரியர் இதனை நொடியில் சொல்வார். நிரலாளர்க்கு, அவர் எத்துணை வல்லவராயினும், இது தோன்றாது போகலாம்.

மிகைத் திருத்தம் இன்னும் கொடியது என்பது நம் கருத்து. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி அதனை ஔகாரம் எனக் கொள்வோர் நம்மிடையே உளர். ஒருங்குறியிலோ ஔகாரத்தின் பிற்பாதிக்கு ளகரத்தினின்று வேறான குறியெண் உண்டு; எனவே முன்சொன்ன வடிவ மாற்றம் இப்பிழையைத் தொடாது. அதையும் சேர்த்துத் திருத்திவிடுவோம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வரி கூட்டினால், 'ஒளவை' திருந்துவாள், 'ஒளி' சிதைந்துவிடும். அத்தகைய வரி மதிப்பீட்டுக்கு வரும்போது, இவ்விரு சொற்களையும் சோதனையில் சேர்க்குமாறு கேட்டுத் திருப்பியனுப்புதலே முறை.